அரை ஜக் தண்ணீர்

குழாயை மூடிய பிறகு அதைக் காதால் சரிபார்க்கிற ஆளை நான் முதன்முதலில் அவரிடம்தான் பார்த்தேன். கையால் இறுக்கி மூடுவார். பிறகு குனிந்து குழாய் வாயருகே காதைக் கொண்டுபோய், உள்ளே ஏதாவது முனகுகிறதா என்று கேட்பார். சத்தம் இல்லையென்றால்தான் நிமிர்வார். அல் ஐன் சனாயியாவில், அதாவது தொழிற்பேட்டையில், கம்பெனி கேம்பில் எங்கள் ரூமில் ஆறு பேர், ஆறு பேருக்கும் ஒரே மெயின்டனன்ஸ் கம்பெனி. அவர் பிளம்பர், நான் ஏசி மெக்கானிக். ரூமில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர், குழாயில் தண்ணீரை அடைக்கிற வால்வின் பெயர்: கேட்வால்வு. சொந்தப் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதினால் அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று ஒரு பயம், அவ்வளவுதான்.

முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். நானோ தஞ்சாவூர் ஜில்லா, வீட்டுக் கொல்லையிலேயே வாய்க்கால். ரூமுக்கு வந்த முதல் வாரம், குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு கை வந்து குழாயை மூடியது. நான் திறந்தேன், கை மறுபடி வந்து மூடியது.

"தம்பி, பிரசு வாயில இருக்கு. தண்ணி யாருக்கு ஓடுது?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "கம்பெனி தண்ணிதானேண்ணே, உங்க வீட்டுத் தண்ணியா?" என்றேன். அவர் குழாயை மூடிவிட்டுப் போனார். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து மூடினார். ஒரு மாதத்தில் நானே மூடிவிட்டுத் தேய்க்கத் தொடங்கிவிட்டேன். அதற்காக அவர் என்னைப் பாராட்டவும் இல்லை, பக்கத்துப் பேசினில் பல் தேய்க்கிறவனிடம் நகர்ந்துவிட்டார்.

அவர் குளிப்பது ஒரு பெரிய பிளாஸ்டிக் தாம்பாளத்துக்குள் நின்றுகொண்டு. மேலே ஊற்றிய தண்ணீர் தாம்பாளத்தில் தேங்கும், அது கக்கூஸுக்குப் போகும். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்துக்கு முதல் கழுவல். ஜன்னல் ஏசியின் சொட்டுக் குழாயில் ஒரு ரப்பர் டியூபை மாட்டி, வெளியே வைத்த கேனுக்குள் விட்டிருந்தார். அந்தத் தண்ணீரில்தான் எங்கள் யூனிஃபார்ம் துவைபடும். "ஒன் தொழில்ல உருப்படியா வர்றது இந்தச் சொட்டு ஒண்ணுதாம்ப்பா" என்று என்னைச் சீண்டுவார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடமிருந்து எனக்குக் கிடைத்ததில்லை.

மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள். அவர் பையில் வெள்ளை டேப் சுருள் இருக்கும், ஒழுகாமல் இருக்கக் குழாய் மரையில் சுற்றுவதற்கு. கம்பெனி வேலை எது, சொந்த வேலை எது என்ற கணக்கெல்லாம் அவருக்குக் கிடையாது. மலையாளி டீக்கடையில் கைகழுவும் இடத்தில் குழாய் ஒழுகினால், சொன்ன டீ ஆறிக்கொண்டிருக்க, அவர் குழாயைக் கழற்றி டேப் சுற்றிக்கொண்டிருப்பார். கேம்ப் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் குழாய்கள் பதினாறும் அவர் கைபட்டவை. அங்கே பெருக்குகிற பட்டாணிக் கிழவர் அவரைக் கண்டால் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிவார். இவருக்கு உருதுவும் வராது, தொழுகையும் கிடையாது. பதிலுக்குக் குழாயைத் திறந்து மூடிக் காட்டுவார். அவர்கள் பேச்சு அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஆளுக்கு வேலை என்னவோ வில்லாக்களில், பணக்காரர்களின் பங்களாக்களில். ஒருமுறை நானும் அவரும் போன ஒரு வீட்டில் நீச்சல் குளத்தை மொத்தமாகத் திறந்துவிடச் சொன்னார்கள். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. விருந்து வருகிறதாம், புதுத் தண்ணீர் வேண்டுமாம். வால்வைத் திறந்துவிட்டு, குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்தவர் எழுந்து, ஒரு ஹோஸை எடுத்து மதிலோரத்துப் பேரீச்ச மரங்களுக்கு அந்தத் தண்ணீரைத் திருப்பத் தொடங்கினார். ஃபோர்மேன் பார்த்துவிட்டு, முடித்துவிட்டு வா, அடுத்த சைட் இருக்கிறது என்று கத்தினான்: "யல்லா பாய், கலாஸ் கரோ! தூஸ்ரா சைட் ஹை!" இவர் ஹோஸைக் கீழே போடவில்லை. கடைசி மரத்துக்கும் காட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது. தண்ணீருக்கா அழுவது என்று ரூமில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

சிரிப்பு நின்றது ஒரு ஜூலை மாதத்தில். கேம்ப் டேங்குக்கு வர வேண்டிய லாரி இரண்டு நாள் வரவில்லை. மூன்று மாடியிலும் ஆட்கள் வாளியோடு வராந்தாவில் நின்று கத்தினார்கள். எங்கள் ரூமில் மட்டும் ஆறு பேரும் குளித்து, சோறாக்கி, டியூட்டிக்குப் போனோம். அவருடைய கட்டிலுக்கடியில் ஒன்பது கேன் நிரம்பியிருந்தது. எதிர் ரூம் வங்காளிகளுக்கும் இரண்டு கேன் கொடுத்தார். அதற்கப்புறம் கேட்வால்வு என்ற பெயரைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லத் தொடங்கினோம்.

இனி டீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் தப்பிக்க முடிந்தால் தப்பித்திருப்பேன்.

கேம்ப் குழாய்த் தண்ணீர் கரிக்கும். அதில் டீ போட்டால் பால் திரிந்த மாதிரி ஒரு ருசி. கம்பெனி யார்டில் ஃபில்டர் போட்ட கூலர் இருந்தது. காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது ஆளுக்கொரு ஐந்து லிட்டர் ஜக் நிரப்பிக்கொள்வோம், அன்றைக்கு வெயிலில் குடிக்க. எங்கள் ஜக்கெல்லாம் மதியத்துக்குள் காலி. அவருடையது மாலையில் திரும்பும்போதும் பாதி இருக்கும். குடிக்கிற தண்ணீரையும் அவர் மிச்சம் பிடித்தார். வில்லாவில் யாராவது பாட்டில் நீட்டினால்கூட, "இருக்குங்க, இருக்குங்க" என்று ஜக்கைத் தட்டிக் காட்டுவார். ஒரு நாள் நான்தான் கேட்டேன்.

"அண்ணே, அந்தத் தண்ணில டீ போடவா?"

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "போடுப்பா, போடு. வீணாப் போகாம இருந்தாச் சரி."

நல்ல தண்ணீரில் போட்ட டீ. ஆறு டம்ளர். முதல் மடக்கிலேயே எல்லோருக்கும் ஊர் டீ ஞாபகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. சமையல் யார் முறையாக இருந்தாலும் மாலை டீ மட்டும் கேட்வால்வு அண்ணன் ஜக்கில். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒருவன் பாத்திரத்தோடு நிற்பான்.

ஆகஸ்டில் ஒரு நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. அன்றைக்கு அவருக்கு மொட்டைமாடி டேங்க் வேலை. ரூமுக்கு வந்தபோது ஜக்கில் அடியில் கொஞ்சம்தான் ஆடியது. நான் ஜக்கை ஆட்டிப் பார்த்துவிட்டு, விளையாட்டாகத்தான் சொன்னேன்: "என்னண்ணே, இன்னிக்கி நம்ம டீய நீங்களே குடிச்சிட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தலையைச் சொறிந்துகொண்டு, "தாகம் தாங்கலப்பா, தப்பா நெனச்சுக்காதீக" என்றார். தன் தண்ணீரைத் தான் குடித்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார் அந்த மனிதர். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வெயிலிலும் அவர் ஜக் பாதிக்குக் கீழே இறங்கி வரவில்லை.

மறு வருஷம் பெருநாள் லீவுக்கு ஒரு வேன் பேசிக்கொண்டு துபாய்க் கடற்கரைக்குப் போனோம். பதினான்கு வருஷமாக இந்த நாட்டில் இருந்தும் அவர் பார்த்த துபாய், ஏர்போர்ட் மட்டும்தான். கடற்கரையில் திருவிழாக் கூட்டம். ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் ஒட்டகத்தில் ஏறிப் படம் பிடிக்கிறவர்கள், கடலுக்கு மேலே குடையில் தொங்கிக்கொண்டு போகிற ஆட்கள், பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள். எங்களில் இரண்டு பேர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப்போய் விழுந்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் ஆழத்தில் நின்றார்.

"இதத்தான் காச்சி, உப்ப எடுத்துட்டு, அல் ஐன் வரைக்கும் குழாயில அனுப்புறான். தெரியும்ல?" என்றார் என்னிடம். "நீ வாளி வாளியா ஊத்திக் குளிக்கிறது இந்தக் கடலத்தான். எம்புட்டு நெருப்பு எரிச்சா ஒரு வாளி வரும், சொல்லு."

"இன்னிக்காவது விடுங்கண்ணே. லீவு" என்றேன்.

விடவில்லை. மணலின் ஓரத்தில் உப்பைக் கழுவ வரிசையாக ஷவர் கம்பங்கள் இருந்தன. பொத்தானை அழுத்தினால் கொட்டும், கொஞ்ச நேரத்தில் தானாக நிற்க வேண்டும். இரண்டு கம்பங்களில் பொத்தான் சிக்கிக்கொண்டு நிற்காமல் கொட்டியது. அவர் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன ஸ்பேனரை எடுத்தார். லீவு நாளில், பெருநாள் சட்டையில், ஸ்பேனர்! முதல் ஷவரை நிறுத்திவிட்டார். இரண்டாவதைத் தொடும்போது செக்யூரிட்டி வந்து, என்ன செய்கிறாய் என்று கையைப் பிடித்தான்.

"ஏ பாய், க்யா கர் ரஹா ஹை?"

"பானி... பானி வேஸ்ட், பாய்" என்றார் இவர். எனக்கு அவமானமாக இருந்தது. சுற்றிலும் குடும்பங்கள் நின்று பார்த்தன. நான் ஓடிப்போய் மாஃபி, மாஃபி என்று மன்னிப்புக் கேட்டு அவரை இழுத்து வந்தேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே இழுத்தேன். மணலில் தடுமாறி உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அவர் கால்களைப் பார்த்தேன். இரண்டு கணுக்காலும் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"என்னண்ணே இது?"

"நின்னே வேல பாக்குறம்ல. எறங்கிரும்."

"கேட்வால்வு அண்ணனுக்கு உடம்பு போடுது. நம்ம டீதான் காரணம்" என்று கடலிலிருந்து வந்தவன் ஒருவன் சொன்னான். அதற்கும் சிரித்தோம். அவர் எங்களோடு சிரித்துவிட்டு, யார் யாரோ பாதி குடித்துப் போட்டுவிட்டுப் போன தண்ணீர்ப் பாட்டில்களைப் பொறுக்கி, ஒன்றில் சேர்த்து, பார்க்கிங் ஓரத்தில் வாடி நின்ற ஒரு செடிக்கு ஊற்றிவிட்டு வந்தார். அன்று முழுக்க அவர் தண்ணீர் குடித்ததை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அதற்கு ஆறு வாரம் கழித்து ஒரு வில்லா மொட்டைமாடியில், டேங்க் மூடியைத் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார். பிறகு என்னை யாரென்று கேட்டார். நானும் டிரைவரும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னது நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருத்தி. இரண்டு கிட்னியும் போய்விட்டது. ரத்தக் கொதிப்பு ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, இவருக்குத் தெரியவில்லை. அதோடு வருஷக்கணக்கில் வெயிலும் வறட்சியும்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பிய அண்ணா?" என்று அவரிடம் கேட்டாள்.

"ரெண்டு லிட்டரு இருக்கும்மா. சில நா அதுக்கும் கம்மி."

"வெயில்ல நிக்கிய ஆளு இவ்ளோதான் குடிச்சா எப்பிடி? கம்பெனியில தண்ணி தரமாட்டாவளா?"

"அய்யோ, அப்பிடிச் சொல்லக் கூடாது. ஒரு ஜக்கு நெறயக் குடுப்பாக."

"அப்பம் அது எங்க போச்சு?"

அவர் என் பக்கம் கையைக் காட்டினார். முகத்தில் ஒரு பெருமை. "ரூமுக்குக் கொண்டாந்துருவேம்மா. நம்ம பயலுக டீ போடுவானுக. நல்ல தண்ணில்ல."

அந்த நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிக்கிற மாதிரி நின்றேன். அது அரபியில் இருந்தது.

டயாலிசிஸ் தொடங்கினார்கள். இனிமேல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே போகக் கூடாது, கிட்னி வெளியே அனுப்பாது, நுரையீரலில் தேங்கிவிடும் என்றார்கள். அவர் ஒரு பாட்டிலில் வெள்ளை டேப்பைக் கோடு கோடாக ஒட்டி, காலைக்கு இவ்வளவு, மாத்திரைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டார். அந்த வார்டிலேயே அளவு தவறாத ஆள் அவர்தான் என்று நர்ஸ் சொன்னாள். நாக்கு மட்டும் வெளிறிப்போய் உதட்டோடு ஒட்டும்.

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, மெஷினின் பின்னால் போகும் குழாயைக் கவனித்துவிட்டார். பிளம்பர் கண் அல்லவா. சுவருக்குள் நுழைகிற குழாய் எது, வடிகாலுக்குப் போகிறது எது என்று கண்ணாலேயே பிரித்துவிட்டார். நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார்: "இந்த மிசினுக்கு எம்புட்டும்மா தண்ணி?"

அவள் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "சுத்தம் பண்ணும்போ கழியுறதும் சேத்தா, ஒரு டிரம்மு வரும் அண்ணா."

"ஒரு நாளைக்கா? எல்லாருக்குமா?"

"இல்ல, ஒரு ஆளுக்கு. ஒரு தடவைக்கு."

அவர் என்னைப் பார்த்தார். குளத்தைத் திறந்துவிட்ட அன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அதே முகம். "எனக்கு ஒருத்தனுக்கு ஒரு டிரம்மாப்பா? வாரத்துக்கு மூணு டிரம்மு?" என்றார். "அம்புட்டும் சாக்கடைக்கா போகுது? ஒரு செடிக்காவது விடக் கூடாதா?"

"உயிரோட இருக்கிறதுக்குண்ணே" என்றேன்.

"அதுக்குன்னு?" என்று மட்டும் சொன்னார்.

அந்த "அதுக்குன்னு" என்னைப் பயமுறுத்தியது. இந்த மனிதரைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் இந்தக் குணத்திலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு அன்று புரிந்தது. ஆனால் அந்தக் குணத்தைச் சுரண்டித்தான் நாங்கள் தினமும் டீ குடித்தோம். நான் எந்த வாயால் அவருக்குப் புத்தி சொல்வது?

விசா கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பினார்கள். கிளம்புகிற அன்று அவர் கட்டிலுக்கடியில் இருந்த கேன்களை எல்லாம் ஒவ்வொன்றாக மூடி திறந்து, முகர்ந்து பார்த்து, பழசு எது புதுசு எது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஜக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "எறங்குனதும் போன் போடுறேன். ஏசி டியூபு நழுவிரும், பாத்துக்க" என்றார். நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஏன் இப்படி அழுகிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

ஊரிலிருந்து வாரம் ஒருமுறை பேசுவார். முதல் கேள்வி எப்போதும், "கேம்புல தண்ணி ஒழுங்கா வருதா?" நான் என் கேள்வியைக் கேட்பேன்: "டயாலிசிஸ் போனீங்களாண்ணே?" வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். முதல் இரண்டு மாதம் ஒழுங்காகப் போனார். சித்திரையில் ஒரு நாள் போகவில்லை என்றார்.

"ஏண்ணே?"

"இன்னிக்கித் தண்ணி லாரி வர்ற நாளுப்பா. வீட்டுல இவ ஒருத்தியா எத்தன கொடத்தத் தூக்குவா? நா வரிசையிலயாவது நிக்கணும்ல. ஒரு நா விட்டா என்ன ஆயிரப்போகுது?"

கத்தினேன். போனைத் தூக்கி எறிகிற அளவுக்குக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஊரே ஒரு கொடத்துக்கு நிக்கிது. நா அங்கிட்டுப் போயி படுத்துக்கிட்டு ஒரு டிரம்மக் கொட்டிட்டு வர்றேன். கூச்சமா இருக்குப்பா." அதற்குப் பிறகு போகாத நாட்கள் கூடின. கேட்டால் போனேன் என்றார். பொய் சொல்ல வராத ஆள், குரலிலேயே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் இங்கே டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைகாசியில் செத்துப்போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான்கு நாள் கழித்து அவர் மனைவி என்னைப் போனில் கூப்பிட்டார். டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன். அடுப்பில் டீ கொதித்தது. இப்போதெல்லாம் குழாய்த் தண்ணீரில்தான் போடுகிறோம், கரிக்கத்தான் செய்யும், யாரும் வாய் திறப்பதில்லை. ரூமில் மற்ற நான்கு பேரும் இருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து ஒருவன் அடுப்பை அணைத்தான். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஒண்ணு கேக்கணும் தம்பி. அவுகளோடயே இருந்தவுக நீங்க, அதான் ஒங்ககிட்டக் கேக்குறேன்" என்றார்.

"கேளுங்க அண்ணி."

"கடைசி ரெண்டு நாளும் தண்ணி தண்ணின்னே கேட்டாக. குடுத்தா மூச்சு முட்டிரும்னுட்டாரு டாக்டரு. துணிய நனைச்சு ஒதட்டுல வச்சேன், அம்புட்டுத்தான். இங்கன வீட்டுல இருந்தப்பவும் எனக்கு மிச்சம் வைக்கணும், பிள்ளைகளுக்கு மிச்சம் வைக்கணும்னு அளந்து அளந்துதான் குடிச்சாக." அவர் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "அங்கன இருந்த வருசமெல்லாமாவது வயிறு நெறயத் தண்ணி குடிச்சாகளா தம்பி?"

நான்கு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டிருந்தது. ஜன்னலில் ஏசி டியூப் கேனுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

"குடிச்சாரு அண்ணி" என்றேன். "இங்க தினமும் ஜக்கு நிறையத் தருவாங்க. முழுசையும் குடிச்சிட்டு, காலி ஜக்கோடதான் ரூமுக்கு வருவாரு."

"போதும் தம்பி. அது போதும்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.